கதை சொல்வதற்கு முன் ஃபேனைக் குறையுங்கள்

கதையை வரிக்கு வரி மனப்பாடம் பண்ணிக்கொண்டு வருகிறவர்களை இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடலாம். பேசிக்கொண்டே இருப்பார்கள், கண் மட்டும் சீலிங்குக்குப் போய்விடும். அடுத்த வரியைத் தேடுகிறார்கள். எதிரே உட்கார்ந்திருக்கிற குழந்தைக்கு அது உடனே தெரிந்துவிடும். "இவங்க நம்மகிட்ட பேசல" என்று அது பக்கத்துப் பையன் பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்துவிடும்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து பெரம்பூர்ப் பக்கம் பூங்கா, நூலகம், பள்ளிக்கூடம் என்று கதை சொல்லிக்கொண்டு திரிகிறேன். கூப்பிட்டால் அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் போவேன், முதியோர் இல்லத்துக்கும் போவேன். எனக்கும் கதை சொல்ல ஆசை, ஆனால் மறந்துவிடுமோ என்று பயம் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த மறதிப் பயம். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகிற 29சி பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவர் வழியில் இருக்கிற கடைகளையெல்லாம் மனப்பாடம் பண்ணியா ஓட்டுகிறார்? புரசைவாக்கம், நுங்கம்பாக்கம், மயிலாப்பூர், அடையாறு என்று ஸ்டாப்பிங் வரிசை தெரியும். நடுவில் மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டிருந்தால் சுற்றிக்கொண்டு போவார். கதைக்கும் ஸ்டாப்பிங் தெரிந்தால் போதும். ஆறேழு இடங்கள் வரிசையாக மனதில் இருக்கட்டும். நடுவில் எப்படிப் போவது என்பதை அன்றைக்கு எதிரே இருக்கிற கூட்டம் சொல்லும். இரண்டே இரண்டை மட்டும் வார்த்தை பிசகாமல் நெட்டுருப் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று முதல் வாக்கியம், இன்னொன்று கடைசி வாக்கியம். முதல் வாக்கியம் தடுமாறினால் உங்களுக்கே படபடப்பு வந்துவிடும். கடைசி வாக்கியம் தெரியாவிட்டால், "அதனால குழந்தைங்களா... அப்படியாக..." என்று இழுத்துக்கொண்டே நிற்பீர்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் எடுத்துக் கொடுப்பது, ஈ தன் பெயரை மறந்துபோன கதை. நம் பாட்டிகள் எல்லோரும் சொன்னதுதான். வீட்டை மெழுகிக்கொண்டே இருந்த ஈக்குத் தன் பெயர் மறந்துபோகிறது. கன்றுக்குட்டியிடம் போய்க் கேட்கிறது. "எனக்குத் தெரியாது, எங்கம்மாவைக் கேள்" என்கிறது கன்று. இப்படியே ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்ட, கேள்வி நீண்டுகொண்டே போகும். நான் சொல்கிற வரிசை இது:

"கொழு கொழு கன்றே, கன்றின் தாயே, தாயை மேய்க்கும் ஆயா, ஆயன் கைக் கோலே, கோல் கொடுத்த மரமே, மரத்திலிருக்கும் கொக்கே, கொக்கு குளிக்கும் குளமே, குளத்திலிருக்கும் மீனே, மீனைப் பிடிக்கும் வலையா, வலையன் கைச் சட்டியே, சட்டி செய்யும் குயவா, குயவன் கை மண்ணே, மண்ணில் வளரும் புல்லே, புல்லைத் தின்னும் குதிரையே, என் பேர் என்ன?"

உங்கள் வீட்டில் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். அதையே சொல்லுங்கள். இந்தக் கதையை நான் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால், இதில் சொல்கிறவருக்கு வேலை குறைவு. மரம் வருகிற வரைக்கும் நீங்கள் சொல்லவேண்டும். அதற்குப் பிறகு பிள்ளைகள் முந்திக்கொள்வார்கள். அப்போது குரலை உயர்த்தி அவர்களோடு போட்டி போடாதீர்கள். குரலைத் தழைத்துக்கொண்டு வாயை மட்டும் அசையுங்கள், சத்தம் அவர்களுடையதாக இருக்கட்டும். குளத்துக்கு வந்ததும் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுங்கள். "குளத்திலிருக்கும் ஆட்டுக்குட்டியே..." என்றால் போதும், "மீனு! மீனு!" என்று கூரை பறக்கும். அதுவரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த பையன் அப்போது உள்ளே வந்துவிடுவான்.

கடைசியில் குதிரை. அங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். "குதிரை ஈஈஈன்னு கனைச்சுதாம், ஈக்குத் தன் பேர் ஞாபகம் வந்துடுச்சாம்" என்று தாங்களே சொல்லி முடித்துவிடுகிறார்கள். நான் கனைப்பதில்லை. "குதிரைக்குச் சிரிப்பு தாங்கல. குதிரை எப்படிச் சிரிக்கும்?" என்று மட்டும் கேட்பேன். ஆளுக்கு ஒரு விதமாகக் கனைப்பார்கள். அதில் யாராவது ஒருத்தர் பல்லைக் காட்டி "ஹீஈஈஈ" என்று இழுப்பார்கள். அந்தப் பிள்ளையைக் காட்டி, "இன்னொரு தடவை பண்ணு" என்பேன். அப்புறம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். சொல்கிறவருக்கு அந்த நாலு விநாடி நாலு நிமிஷமாகத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருங்கள். எங்கேயோ பின்வரிசையில் ஒரு வாண்டுக்கு முதலில் கண் விரியும். "மிஸ்! ஈ! மிஸ், ஈ மிஸ்!" பெயரை அந்தப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டது. நீங்கள் கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இந்தக் கதைக்கு வேறு ஒரு சிக்கல் வரும். "ஆன்ட்டி, வலையன்னா யாரு? குயவன்னா?" வேளச்சேரியிலும் ஓ.எம்.ஆரிலும் இது கட்டாயம் வரும். இதற்காகக் கதையை நிறுத்திவிட்டுப் பாடம் எடுக்காதீர்கள். வலையன் வரும்போது கையால் ஒரு வலையை வீசி இழுத்தால் போதும். பெரிய பிள்ளைகளாக இருந்தால், "காசிமேட்டுல பார்த்திருப்பியே" என்று ஒரு வார்த்தை சேர்ப்பேன். குயவருக்குக் கொசப்பேட்டை இருக்கவே இருக்கிறது. "விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார் வாங்குறோமே, அதைச் செய்றவங்க" என்றால் முடிந்தது. கொக்கைப் பள்ளிக்கரணையில் உட்கார வைத்துவிடுவேன். கதைக்குள்ளேயே பதில் வந்துவிட்டால் ஓட்டம் கெடாது.

கேட்கிறவர்களுக்கு வேலை கொடுக்கவேண்டும் என்பது நான் கண்டுபிடித்ததில்லை. வீட்டிலேயே, "உம் கொட்டினாத்தான் கதை சொல்லுவேன்" என்றுதானே பாட்டி ஆரம்பித்தாள்? உம் நின்றால் தூங்கிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். வில்லுப்பாட்டில் இதற்கென்றே பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்கிறார். புலவர் ஒரு வரி சொன்னதும், "ஆமா" என்பார். சில இடத்தில், "அப்படியா? அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்பார். நாம் கேட்க நினைத்ததை அவர் கேட்டுவிடுவார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து சென்னையிலேயே தங்கி வில்லடித்த சுப்பு ஆறுமுகம், 2021-ல் பத்மஸ்ரீ வாங்கி, 2022-ல் மறைந்தவர். அவருடைய நிகழ்ச்சியின் பதிவு கிடைத்தால், ஒரு தடவை அவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவர்களை மட்டும் கவனியுங்கள். தலையாட்டுவது, வியப்பது, இடைமறிப்பது எல்லாம் எங்கெங்கே விழுகிறது என்று பார்த்தால், நம் கதையில் எங்கெங்கே இடம் விடவேண்டும் என்று புரியும். தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்வதும் பாதி இந்த வேலைதான்.

கிருபானந்த வாரியார் (1906-1993) பெரிய பெரிய கூட்டத்துக்குப் புராணம் சொன்னவர். அவர் கதையை நிறுத்தி முன்வரிசைப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்பார், பதில் சொன்ன பிள்ளைக்குச் சின்னப் புத்தகம் ஒன்று பரிசு கிடைக்கும். என் அம்மா சின்ன வயதில் அப்படி ஒன்று வாங்கியிருக்கிறாள், கடைசி வரை பூஜை அலமாரியில் வைத்திருந்தாள். கேள்வி குழந்தைக்குத்தான். ஆனால் பின்னால் இருக்கிற பெரியவர்கள் அத்தனை பேரும் மனதுக்குள் பதில் சொல்லிப் பார்ப்பார்கள். மண்டபம் மொத்தமும் விழித்துக்கொள்ளும். பெரியவர்களிடம் நேராகக் கேள்வி கேட்டால் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்கள் என்பது முதியோர் இல்லத்திலும் நான் பார்த்தது. அங்கே, "உங்க ஊர்ல இதை எப்படிச் சொல்வாங்க?" என்று கேட்டால் வாய் திறப்பார்கள். அப்புறம் நிறுத்துவதுதான் பாடு.

சரி, இனி இடத்துக்கு வருவோம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் பாதிக் கதை கெடுவது இடத்தால்தான். அரை மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். போனதும் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். பழைய கட்டடங்களில் சீலிங் ஃபேன் போடுகிற சத்தம் மேடையில் நிற்கிறவருக்குக் கேட்காது, பின்னால் இருப்பவருக்குத்தான் கேட்கும். ரெகுலேட்டரை ஒரு புள்ளி குறைத்தால் வியர்க்கும், முழுதாக வைத்தால் காதில் விழாது. நான் குறைக்கிற கட்சி. வியர்த்தாலும் கதை கேட்பார்கள், காதில் விழாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். மே மாதம் என்றால் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், குழந்தைகள் பிரிவின் நடுவே ஒரு செயற்கை மரம் நிற்கிறது. அந்த மாதிரி ஏசி இடங்களில் குரலுக்கு வேலையே இல்லை, கிட்டத்தில் உட்காரவைத்துக்கொண்டு மெதுவாகப் பேசலாம். ரயில் பாதைக்குப் பக்கத்துப் பூங்காவில் அது நடக்காது. மின்சார ரயில் ஹாரன் அடித்தால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள், நிறுத்துங்கள். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் விமானம் தலைக்கு மேலே தாழப் பறக்கும். பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கத்தான் செய்வார்கள். நீங்களும் அண்ணாந்து பாருங்கள். அது போனதும் எல்லோரும் சேர்ந்தே கதைக்குத் திரும்பலாம். ஆடி மாதம் மட்டும் அம்மன் கோயில் ஒலிபெருக்கி எங்கே கட்டியிருக்கிறது என்று விசாரித்துவிட்டுத் தேதி கொடுங்கள்.

கடற்கரையில் கதை சொல்வது நினைக்க நன்றாக இருக்கும். எலியட்ஸ் கடற்கரையில் சாயங்காலம் கடற்காற்று கரையைப் பார்த்து வீசும். நீங்கள் கரைக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து நின்றால் வார்த்தையெல்லாம் காற்றோடு உங்கள் பின்னால் போய்விடும். கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் காற்றே குரலைக் கொண்டுபோய்க் கொடுக்கும். மறைகிற சூரியன் உங்கள் கண்ணில்தான் அடிக்கும், அவர்களுக்குக் கூசாது. ஒரே தொல்லை, உங்களுக்குப் பின்னால் அலை, குதிரை, பட்டம், பஞ்சுமிட்டாய் எல்லாம் தெரியும். எந்தக் கதையும் குதிரைக்கு ஈடாகாது. அதனால் அங்கே போனால் சின்னக் கூட்டமாக, நெருக்கி உட்காரவைத்து, ஐந்து நிமிஷத்துக்கு மேல் போகாத கதையாகச் சொல்வேன். நீளமான கதைக்குச் சுவர் வேண்டும்.

மைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். "எனக்கு மைக் வேண்டாம், சத்தமா பேசுவேன்" என்று பெருமைக்குச் சொல்கிறவர்களுக்குப் பத்தாவது நிமிஷம் தொண்டை கட்டும். சத்தமாகப் பேசத் தொடங்கினால் மெதுவாகப் பேச வழியில்லாமல் போகும், கதையில் ரகசியம் சொல்லவே முடியாது. கையில் பிடிக்கிற மைக்கை வாய்க்கு நேராக வைத்தால் 'ப' வரும்போதெல்லாம் 'டப்' என்று வெடிக்கும். தாடைக்குக் கீழே, கொஞ்சம் பக்கவாட்டில் பிடியுங்கள். ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போய் நின்றால் ஊளையிடும், அதற்குப் பின்னாலேயே இருங்கள். ஒரு கை மைக்குக்குப் போய்விடுவதால் வலை வீசுவது, உலக்கை குத்துவது எல்லாம் ஒற்றைக் கையில்தான் என்பதை வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். காலர் மைக் தந்தால் பெண்களுக்கு ஒரு விஷயம். கஞ்சி போட்ட பருத்திப் புடவை அதில் உரசினால் கூடம் முழுக்கக் கரகரவென்று கேட்கும். தலைப்பு தொடாத இடத்தில், ரவிக்கைக் கழுத்தோரத்தில் குத்திக்கொண்டு, தலைப்பை இடுப்பில் செருகிவிடுங்கள். தாலிச் சங்கிலியும் அதில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். ஆண்கள் செல்போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துவிட்டால் போதும்.

தொண்டைக்கு ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் வெந்நீர் ஒரு பிளாஸ்க்கில் எடுத்துப் போகிறேன், முந்தைய நாளிலிருந்து ஐஸ் தண்ணீர் தொடுவதில்லை. அதற்கு மேல் வைத்தியம் எனக்குத் தெரியாது.

குரல் மாற்றிப் பேசுவதைப் பற்றிக் கேட்கிறார்கள். நரிக்கு ஒரு குரல், சிங்கத்துக்கு ஒரு குரல், எலிக்குக் கீச்சுக்குரல் என்று தொடங்கினால், பாதியில் சிங்கம் எலிக்குரலில் பேசிவிடும். பிள்ளைகள் அதைத்தான் வீட்டில் போய்ச் சொல்லிச் சிரிப்பார்கள். குரலை விட வேகத்தை மாற்றுவது சுலபம். சிங்கம் மெதுவாகப் பேசட்டும், நரி படபடவென்று பேசட்டும். சிங்கம் பேசும்போது இந்தப் பக்கம் பாருங்கள், நரி பேசும்போது அந்தப் பக்கம் பாருங்கள். போதும். கைப்பொம்மை, பவர்பாயிண்ட் எல்லாம் எனக்குப் பிடிப்பதில்லை. பொம்மையைக் காட்டினால் பொம்மையைத்தான் பார்ப்பார்கள்.

நேரம் எவ்வளவு என்றால், ஒன்றாம் வகுப்புக்குக் கீழே ஏழெட்டு நிமிஷம், ஐந்தாம் வகுப்புக்குக் கால் மணி, பெரியவர்களுக்கு இருபது நிமிஷம். அதற்கு மேல் இன்னொரு கதை சொல்லலாமே தவிர, அதே கதையை இழுக்கக்கூடாது. சென்னையில் டிராஃபிக்கைச் சொல்லி எப்படியும் பாதிப் பேர் தாமதமாக வருவார்கள். வந்தவர்களைக் காக்கவைப்பது நியாயமில்லை. காலட்சேபம் செய்கிறவர்கள் பெரிய கதைக்கு நடுவே கிளைக்கதை ஒன்றைச் சொல்லிவிட்டுத் திரும்புவார்களே, அந்த மாதிரித் துண்டுக்கதை இரண்டைக் கையில் வைத்திருப்பேன். தெனாலிராமனோ மரியாதை ராமனோ ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் சேர்ந்துவிடும், முன்னால் வந்தவர்களுக்கும் நஷ்டமில்லை.

பள்ளிக்கூடத்தில் கதை முடிந்ததும் ஆசிரியர் யாராவது எழுந்து, "இந்தக் கதையில இருந்து நாம என்ன தெரிஞ்சுக்கிட்டோம்?" என்று கேட்பார். அதுவரை நெளிந்துகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்த பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு, "பொய் சொல்லக்கூடாது மிஸ்" என்பார்கள். கதையில் பொய்யே வந்திருக்காது. இப்போதெல்லாம் முன்கூட்டியே தலைமையாசிரியரிடம், நீதி கேட்கவேண்டாம், அதற்குப் பதில் யாருக்காவது கதை தெரிந்தால் வந்து சொல்லட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சிலர் ஒத்துக்கொள்கிறார்கள். ஒரு பள்ளியில், "அப்புறம் கதை சொல்லி என்ன பிரயோஜனம், மேடம்?" என்று கேட்டார்கள். பதில் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

அதற்காக எந்தக் கதையையும் அப்படியே சொல்லிவிடலாம் என்று அர்த்தமில்லை. கொழுக்கட்டைக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாமியார் வீட்டில் கொழுக்கட்டை சாப்பிட்ட மருமகன், பெயர் மறக்காமலிருக்க, "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வருவான். வழியில் ஒரு வாய்க்கால். "அத்திரிபாச்சா!" என்று தாண்டுவான். அதிலிருந்து, "அத்திரிபாச்சா, அத்திரிபாச்சா" என்றே வருவான். வீட்டில் மனைவியிடம், "எனக்கு அத்திரிபாச்சா பண்ணிக் கொடு" என்பான். அவளுக்கு ஒன்றும் புரியாது. கோபத்தில் அடிப்பான். "ஐயோ, கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிப்போச்சே" என்று அவள் அழ, "ஆங், அதைத்தான் கேட்டேன்!" என்பான். சத்தம் போட்டுச் சொல்வதற்கு இதைவிட நல்ல கதை கிடையாது. வாய்க்கால் வரும்போது எல்லாரையும் எழுந்து குதிக்கச் சொல்லலாம். ஆனால் அந்த அடியை எட்டு வயதுப் பிள்ளைகள் நடுவே சொல்லிச் சிரிக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு பின்னால் எந்த அம்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று நமக்குத் தெரியாது. அதனால் என் கதையில் அவன் தரையை உதைத்துக்கொண்டு குதித்து, தாழ்வான நிலைப்படியில் தானே முட்டிக்கொள்வான். "ஐயோ, நெத்தி கொழுக்கட்டை மாதிரி வீங்கிப்போச்சே" என்பாள் மனைவி. கொழுக்கட்டை வந்துவிடுகிறது, சிரிப்பும் வருகிறது. எந்த ஸ்டாப்பிங்கும் விடுபடவில்லை.

பூங்காவில் நடைப்பயிற்சி முடித்து வந்து உட்காரும் பெரியவர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. "ஒரிஜினல் அது இல்லையேம்மா. அவன் அவளை அடிக்கணும், அதானே கதை" என்றார். "அப்படின்னா அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்க சொல்லுங்க சார்" என்றேன். சொன்னார். நன்றாகவே சொன்னார், வாய்க்காலைத் தாண்டும்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டது எனக்கெல்லாம் வராது. அடிக்கிற இடம் வந்ததும் ஏழாவது படிக்கிற பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். "தாத்தா, மறந்தது அவர்தானே? அவங்கள ஏன் அடிக்கிறாரு?"

பெரியவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். "அதானே" என்றார். அப்புறம் எப்படியோ ஒப்பேற்றி முடித்தார்.

இப்போது அவர் வாரம் தவறாமல் வருகிறார். அவருடைய கதையில் மருமகன் மாமியார் வீட்டுக்கே திரும்பிப் போய்க் கொழுக்கட்டை செய்யக் கற்றுக்கொண்டு வருகிறான். மாவுக்குத் தண்ணீர் எவ்வளவு, பூரணத்துக்கு வெல்லப்பாகு எந்தப் பதம் என்றெல்லாம் விலாவாரியாகச் சொல்கிறார். கால் மணிக் கதை அரை மணியாகிவிட்டது. பூரணத்தை மட்டும் கொஞ்சம் சுருக்கச் சொல்லியிருக்கிறேன்.